விழுவதற்கு முந்திய மூன்று நொடி

ஏறாவூர் நிஸ்றாவுக்கு முதல் வலிப்பு பதினொரு வயதில் வந்தது, பள்ளிக்கூடத்தில், கணக்குப் பாடத்தின் நடுவே. அன்றுமுதல் மாதாந்தக் கிளினிக். அவளைக் கூட்டிப் போகும் நாட்களில் உம்மா அக்கம்பக்கத்தாரிடம், "புள்ளைக்குப் பல்லுக் காட்டப் போறம்" என்பார். குளிசைகள் வலிப்பைக் குறைத்தன, நிறுத்தவில்லை.

இருபத்தாறு வயதில், செங்கலடிக்கு அருகே ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. உடம்பில் நீலக் கோடுகள் ஓடும் சிறு மீன்களுக்கு இரை போடுவதும் தொட்டித் தண்ணீர் மாற்றுவதும்தான் வேலை. நோயைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. மீன்களுக்கு மருந்தொன்றால் வலிப்பை வரவழைத்து, கொழுப்பு எரியும்போது நம் உடம்பே உண்டாக்கும் ஓர் அமிலம் அதைத் தணிக்குமா என்று அங்கே பார்க்கிறார்கள் என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. சுழன்று, விறைத்து, பக்கவாட்டில் சாய்ந்த மீனை முதல்நாள் கண்டதும் கழிவறைக்குள் போய் அழுதாள். தான் விழுவதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

நான்காம் மாதம் தொட்டிகளுக்கிடையே அவளே விழுந்தாள். கண் விழித்தபோது, ஆய்வுக்குப் பொறுப்பான கம்சாயினி தரையில் உட்கார்ந்து அவளை ஒருக்களித்துப் பிடித்திருந்தார்.

"மெடம், நான் நாளைக்கி வரத் தேவல்லையா?"

"ஏன் வராம? முதலே சொல்லியிருக்கலாமே புள்ள. கண்ணாடிச் சாமானெல்லாம் உன்னைத் தனியத் தூக்க விட்டிருக்க மாட்டன்."

மறுவாரம் கம்சாயினி கணினியில் மீன்களின் காணொளியை ஓட்டி வலிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற நிஸ்றாவால் பொறுக்க முடியவில்லை.

"மெடம், நீங்க பிந்தி எண்ணுறீங்க. இது சுழல முந்தியே தொடங்கிட்டு. பாருங்க, செவுள் மட்டும் அசையிது, மத்ததெல்லாம் நிண்டுட்டு. எனக்கும் இப்பிடித்தான். சத்தமெல்லாம் கேக்கும், ஆனா கைய அசைக்க ஏலா."

கம்சாயினி அந்தக் காணொளித் துண்டை ஆறுமுறை திருப்பிப் போட்டார். சுழல்வதற்கு முன், செவுள் மட்டும் அசைந்தது மூன்று நொடி.

பழைய பதிவுகளை எல்லாம் மறுபடி எண்ண வேண்டியதாயிற்று. எந்தத் தொட்டிக்கு அமிலம் போனதென்று நிஸ்றாவிடம் சொல்லாமல், ஐந்து வாரம் அவளையே எண்ண வைத்தார்கள். முடிவில் எந்தத் தொட்டிக்கு எது என்ற விபரத்தைப் பிரித்துப் பார்த்தால், அமிலம் பெற்ற மீன்களுக்கும் அந்த அசையாமை வந்திருந்தது. ஆனால் பாதிக்கு மேற்பட்டவை விழவில்லை. நின்றுவிட்டு, மீண்டும் நீந்திப் போயிருந்தன.

"அந்த அமிலத்த நான் குடிச்சா என்ன மெடம்?"

"வேணாம். மீன் வேற, நாம வேற. எவ்வளவு குடுக்கிற, என்ன கெடுதல் வரும், ஒண்டும் தெரியா. மனிசருக்கு வாறதெண்டா பத்து வருசமும் போகும். வராமலும் போகலாம். நீ குளிசையை விட்டிராத."

"பத்தெண்டா எனக்கு முப்பத்தாறு." நிஸ்றா சிரித்தாள். "அது பெரிய வயசில்லையே."

கட்டுரை வெளியானபோது ஆசிரியர் வரிசையில் மூன்றாவது பெயர் அவளுடையது. வெளிநாட்டு ஆய்வுகூடமொன்று அவள் எண்ணும் முறையைக் கேட்டு எழுதியிருந்தது. இப்போது செவ்வாய்க்கிழமைகளில் புதிய மாணவிகள் இருவர் அவளிடம் எண்ணப் பழகுகிறார்கள்.

"வாலைப் பாக்காதீங்க," என்று அவர்களுக்குச் சொல்வாள். "செவுளைப் பாருங்க. அங்கதான் தெரியும்."