பஸ் திரும்பும் இடம்

மத்தியானம் இரண்டே முக்காலுக்கு மகளிடமிருந்து போன் வந்தது. "அப்பா, ஏரியில மண்ணு கொட்றாங்க. நான் டிப்பர் பின்னால குந்திகினு கீறேன்." எஞ்சின் உறுமியது, போன் கட்டானது.

காலை ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவள், நேரே வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். நான் தண்டலத்தில் கல்லூரி ஆய்வகத்தில் வேலையில் இருந்தேன். பைக்கை எடுக்கும் முன்பே தாலுகா ஆபீசை அழைத்து, "எங்கூர்ல பஸ் திரும்புற எடத்துல மண்ணு கொட்றாங்க சார்" என்று பதறினேன். எடுத்தவர், "ரோடு விஷயமா? பஞ்சாயத்துல சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

அவர் மேல் குற்றமில்லை. மழைக்காலத்தில் தண்ணீர் பரவி நிற்கும் ஏரிச் சரிவு அது. மற்ற மாதங்களில் காய்ந்து கிடப்பதால் கம்பெனி பஸ்கள் அங்கேதான் திரும்பும். ஊருக்கே அது பஸ் திரும்பும் இடமாகிவிட்டது. பக்கத்தில் மனை போடுகிறவர்களுக்கு, மண்ணைக் கொட்டி ஏரியை வளைக்க அந்தப் பெயரே வசதி. அது மேடானால் தண்ணீர் எங்கள் தெருவுக்குள்தான் வரும். ஒரு மழையில் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியேறியிருக்கிறேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது, யூனிஃபார்மோடு டிப்பரின் பின்சக்கரத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். தென்காசிப் பக்கத்து டிரைவர் பையன் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"யக்கா, எந்திரிங்க. மண்ணத் தட்டச் சொன்னாவ, தட்டுதேன். தண்ணியே இல்லாத ஏரிக்கு இம்புட்டுக் கோவமா?"

"நான் உனக்கு அக்காவா? மூஞ்சப் பாரு. எங்க தெருவுலதான ரூம் எடுத்துகீற? மழை வந்தா மொதல்ல உன் பாயிதான் மெதக்கும்."

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் போனில் யாரோ அவனைத் திட்டிக்கொண்டே இருந்தார்கள். எஞ்சினை அணைக்க அவனுக்குப் பயம். "அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்க" என்றான்.

அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. தாலுகா ஆபீசுக்குப் போனில் என்ன சொன்னேன் என்பதை அவளிடம் சொன்னதும் கத்தினாள்: "ஏரின்னு சொல்லுப்பா! நீயே பஸ் திரும்புற எடம்னா எவன் வருவான்?"

மறுபடி அழைத்தேன். ஏரி என்றேன். இந்த முறை ஊர்ப் பெயர் கேட்டார்கள். பிறகு வேறு வழி தெரியாமல் அவள் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். லாரி பின்னால் நகரும் சத்தம் எங்கே கேட்டாலும் இன்றைக்கும் நின்று திரும்பிப் பார்க்கிறேன்.

கடைசியில் ஸ்கூட்டியில் வந்தவர் எங்கள் ஊர் வி.ஏ.ஓ. அம்மா. ஹெல்மெட்டைக் கழற்றாமலே டிரைவரிடம் கை நீட்டினார். "ஆஃப் பண்ணி சாவியக் குடுப்பா. சர்வேயர் வந்து எல்லை அளக்குற வரைக்கும் ஒரு லோடுகூட உள்ள வரக் கூடாது."

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "எழுந்திருங்க சார். பொண்ண வூட்டுக்குக் கூட்டினு போங்க. இங்க நான் நிக்கிறேன்."