உம்மா அறிந்த அத்தர் வாசம்

உயிரைத் தந்தவனும் அதைத் திரும்ப எடுத்தவனுமான அல்லாஹ்வைப் புகழ்ந்து, எங்கள் வாப்பாவைப் பற்றி மூத்த மகளாகிய நான் இதை எழுதுகிறேன்.

வாப்பா சம்மாந்துறையில் வயல் குடும்பத்தில் பிறந்தவர்கள். கல்முனையில் உம்மாவின் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த பின்னர்தான் மீன் வியாபாரம் பழகினார்கள். முதல் வாரம் கையில் ஒட்டிய மீன் வாடையில் சோறு இறங்கவில்லையாம்.

"நான் ஒண்டும் சொல்லல்லியே, நீங்க ஏன் தள்ளித் தள்ளி இரிக்கீங்க?" என்று உம்மா கேட்டார்களாம்.

மறுநாள் வாப்பா சந்தன அத்தரும் ரோஜா அத்தரும் வாங்கி, தாமே அளவு பார்த்துக் கலந்தார்கள். அதன் பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வேறு அத்தரை அவர்கள் தொட்டதில்லை. கடற்கரையிலும், பின்னர் ஒலுவில் துறைமுகத்திலும் மீன் எடுத்து விற்று வந்து, குளித்து, காதுக்குப் பின்னே ஒரு துளி தடவிக்கொண்டு வருவார்கள். குசினியில் நிற்கும் உம்மா திரும்பிப் பாராமலே தேத்தண்ணி ஊற்றுவார்கள். எங்கள் வீட்டின் மாலை நேரம் அந்த மணத்தில்தான் தொடங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் உம்மாவை மறதி நோய் பிடித்தது. பெயர்கள் போயின, முகங்கள் கலங்கின. வாப்பாவை மட்டும் தெரிந்திருந்தது. வாப்பா நெஞ்சு வலியோடு பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பிய அன்று, உம்மா பயந்து என் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்கள்.

"மகள், ஆரோ ஒரு ஆம்பிள உள்ள வாறாரு. போகச் சொல்லுங்க."

வாப்பா முற்றத்தில் போய் உட்கார்ந்தார்கள். அவர்கள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

அஸர் தொழுகைக்குக் குளித்து, பழக்கத்தில் அத்தரைத் தடவிக்கொண்டு அறை வாசலைக் கடந்தார்கள். கட்டிலில் கிடந்த உம்மா தலையை உயர்த்தினார்கள்.

"இஞ்சாருங்க, இவ்வளவு நாளும் எங்க போயிருந்தீங்க?"

"இஞ்சதான் இருந்தன். இனி ஒரு இடமும் போகமாட்டன்."

அதன் பிறகு அத்தர் இல்லாமல் வாப்பா உம்மாவின் அருகே போனதில்லை. அந்த வாசத்தில் உம்மா சில நாள் புதுப்பெண்ணாகிவிடுவார்கள். ஒருமுறை, சம்மாந்துறை வயல் பார்க்க வேண்டும் என்றார்கள். மூவரும் ஓட்டோவில் போனோம். கதிர் வந்த வயல்கள் இருபுறமும் மெல்ல அசைந்தன. உம்மா வாப்பாவின் தோளில் சாய்ந்து கண்களை மூடியிருந்தார்கள்.

"நாம எங்க போறம்?"

"எங்கட ஊருக்குத்தான்."

பிறகு வீடு வரும்வரை காற்றில் நெல்லின் மணமும் அத்தரும் கலந்து வந்துகொண்டே இருந்தன.

தம் நெஞ்சு நோய் முற்றியபோது வாப்பா என்னையும் தம்பியையும் அழைத்தார்கள்.

"நான் மவுத்தாப் போனா ஒருத்தரும் இதப் பூசிக்கிட்டு அவக்கிட்டப் போகாதீங்க. நான் வந்துட்டன் எண்டு நெனப்பா. அவவ ஏமாத்தக் கூடாது."

வாப்பா வபாத்தாகி அடக்கம் முடிந்த பின் உம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் வாசலையே பார்த்திருந்தார்கள். தம்பி தாங்காமல் வாப்பாவின் அத்தர் குப்பியைத் திறந்தான்.

"ஒரு துளி மட்டும், ராத்தா. ஒரு வாய்ச் சோறாவது திம்பா."

எனக்கும் மனம் தடுமாறியது. ஆனாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். குப்பியை மூடிவிட்டு அவன் அழுதான். நான் உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். அழுதார்கள். மறுநாள் மறந்து, மறுபடி கேட்டார்கள். மறுபடி சொன்னேன், மறுபடி அழுதார்கள். வாரக்கணக்கில் இப்படியே போனது. வாப்பா சொன்னது சரிதானா என்று கூட நினைத்தேன்.

ஒரு பின்னேரம் உம்மாவே கேட்டார்கள்.

"அவர் மவுத்தாகிட்டார், என்ன?"

"ஓம் உம்மா."

"அப்ப வாங்க, அவருக்கு துஆக் கேப்பம்."

கைகளை ஏந்தினார்கள். அதன் பின் சோறும் கேட்டார்கள்.

ஜனாஸாவைச் சுமந்தவர்களுக்கும், எங்களுக்குச் சோறாக்கித் தந்த அயலவர்களுக்கும், வாப்பாவோடு துறைமுகத்தில் நின்ற தோழர்களுக்கும் அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. உம்மாவைப் பார்க்க வரும் உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். வாப்பா எங்கே என்று உம்மா கேட்டால் உண்மையையே சொல்லுங்கள். அழுதால், கொஞ்ச நேரம் பக்கத்தில் இருங்கள்.