தாட்சாயணி கேட்ட மாத்திரை

சர்வே இலாகாவில் நிலம் அளக்கும் சங்கிலியை இழுக்கிற வேலை கோவர்த்தனனுக்கு. ஆந்திராவுக்கும் மதராஸுக்கும் எல்லை பிரித்துக் கல் நட்டுக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. எந்த வயல் எந்தப் பக்கம் போகிறது என்று சனங்கள் அவனைத்தான் கேட்பார்கள். அவனும் தாசில்தார் தோரணையில் அளப்பான். நகரியில் அவனைவிட வாய் நீண்டவன் கிடையாது. அந்த வாய் அடைத்துப்போன கதை இது.

அவன் மனைவி தாட்சாயணிக்கு முதலில் கன்னம் சிவந்தது. பிறகு கால் வீங்கியது, சிறுநீர் நுரைத்தது. சித்தூரில் டாக்டர் ஜெயச்சந்திரன் பார்த்துவிட்டு லூபஸ் என்றார். நோயை எதிர்க்க வேண்டிய சக்தியே புத்தி பிசகி அவள் சிறுநீரகத்தைத் தாக்குகிறது, அதை அடக்கத்தான் இந்த ஸ்டீராய்டு மாத்திரை என்று விளக்கினார்.

“அந்த சக்தியை அடக்கி வைக்கறதால, காய்ச்சலோ அம்மையோ எது வந்தாலும் உடனே கூட்டிட்டு வாங்க. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து.”

ஐந்து மாதத்தில் வீக்கம் வடிந்தது. மாத்திரையால் முகம் மட்டும் உருண்டையானது. “ஊட்ல இருக்கறதெல்லாம் நீயே துன்றியா?” என்று கோவர்த்தனன் சீண்டுவான். அவளும் சிரிப்பாள்.

பங்குனியில் அவளுக்கு அம்மை போட்டது. கோவர்த்தனனின் அக்கா செல்லியம்மா வாசலில் வேப்பிலை செருகினாள்.

“ஆத்தா வந்துகிறா. தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும் மருந்தைத் தொடக் கூடாது. இவளைத் தூக்கிக்கினு பஸ் ஏறினியோ, ஆத்தா சும்மா வுட மாட்டா.”

டாக்டர் சொன்னது அவனுக்கு மறக்கவில்லை. ஆனால் டாக்டர் சித்தூரில் இருந்தார், ஆத்தா வீட்டுக்குள் இருந்தாள். அவன் பயந்துவிட்டான்.

இமையெல்லாம் கொப்புளம். கண் திறக்க முடியாமல் தாட்சாயணி கையை நீட்டினாள். “மாமா, மாத்திரை குடு.”

முதல் நாள் அப்புறம் என்றான். இரண்டாம் நாள் அவள் அழுதாள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த உருண்டையில் கொஞ்சம் கிள்ளி அவள் நாக்கில் வைத்தான். மாத்திரையும் கசக்கும், இதுவும் கசக்கும்.

“குடுத்துட்டியா? இனிமே பயமில்ல மாமா” என்று விழுங்கினாள். நான்காம் நாள் போய்விட்டாள்.

ஆத்தா அழைத்துக்கொண்டாள் என்று ஊர் சொன்னது. கோவர்த்தனன் யாரிடமும் பேசவில்லை. வெயிலில் சங்கிலி இழுக்கும்போது பின்னாலிருந்து ‘குடுத்துட்டியா?’ என்று கேட்கும். திரும்பினால் வெறும் பொட்டல். அளவு தப்பும், சர்வேயர் கத்துவார். சோற்றில் கை வைத்தால் மறுபடி கேட்கும். அவள் கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அந்தக் குரலில் அத்தனை நம்பிக்கை இருந்தது.

பொறுக்க முடியாமல் ஒருநாள் உண்மையைச் சொல்லிவிடுவதென்று சித்தூருக்குப் போனான். டாக்டர் எதிரே அம்சவேணி என்றொரு பெண், கன்னம் சிவந்த தன் மகளோடு உட்கார்ந்திருந்தாள். தாட்சாயணி அம்மையில் போன விஷயம் கேட்டதும் டாக்டர், “மாத்திரையை நிறுத்தினீங்களா?” என்றார்.

“இல்லீங்க.” சொல்ல வந்தது வேறு, வாயில் வந்தது இது.

டாக்டர் முகம் தொங்கிப்போயிற்று. “அப்போ என் மருந்துதான் அவளை அம்மைகிட்ட காட்டிக் குடுத்துட்டுது” என்றவர், அம்சவேணி பக்கம் திரும்பினார். “உன் பொண்ணுக்கும் இதேதான் எழுதினேன். இப்போ எனக்கே தயக்கமா இருக்கும்மா.”

கோவர்த்தனன் அந்தச் சிறுமியைப் பார்த்தான்.

“பொய் சொன்னேங்க. நான் மாத்திரை குடுக்கல. வேப்பிலை உருண்டைய குடுத்து ஏமாத்தினேன். அவ கேட்டுக்கினே இருந்தா.”

டாக்டர் திட்டவில்லை. மாத்திரை கொடுத்திருந்தாலும் அம்மையே கொன்றிருக்கலாம், அதை யாராலும் சொல்ல முடியாது என்று மெல்லச் சொன்னார். அது அவனுக்கு ஆறுதலாக இல்லை. இனி எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை என்பதுதான் புரிந்தது.

அம்சவேணி மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். “எங்க ஊட்லயும் ஆத்தா வந்தா மருந்து தொட மாட்டோமே. நான் இன்னா பண்றதுண்ணா?”

“இங்க தூக்கிக்கினு ஓடியா. வர்ற வழியிலயும் மாத்திரையை நிறுத்தாதம்மா” என்றான் கோவர்த்தனன். “ஆத்தா கோச்சுக்கினா என் பேரைச் சொல்லு.”