முதுகுக்குப் பின்னால் ஒரு கை

என் தங்கை புருஷன் குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அங்கே அவருக்குப் பட்டப்பெயர் ‘தோட்டா’. பதின்மூன்று வயதில் ஹெட்போனை மாட்டித் துப்பாக்கி சுடுகிற வீடியோ ஆட்டத்தில் உட்கார்ந்தவர், முப்பத்தைந்து ஆகியும் எழுந்திருக்கவில்லை. மற்றபடி எறும்புக்கும் வலிக்குமோ என்று பார்த்து நடக்கிற மனுஷர்.

ஒரு ஞாயிறு மத்தியானம், ஆட்ட மும்முரத்தில் இருந்தவரைச் சாப்பிடக் கூப்பிட என் தங்கை பின்னாலிருந்து தோளைத் தொட்டாள். முகம் திரும்புமுன் கை பாய்ந்துவிட்டது. அவள் அலமாரியில் போய் மோதி, புருவத்தில் மூன்று தையல். அப்போது மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அடிக்கிற ஆள் இல்லைதான், ஆனால் அடுத்த தடவை இடுப்பில் பிள்ளை இருந்தால் என்ன செய்வது என்று கேட்டாள்.

மாப்பிள்ளையை இரண்டு போடு போடத்தான் போனேன். ஆட்டப் பெட்டியை அட்டைப்பெட்டியில் கட்டி வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்திருந்தார்.

“அடிக்கணும்னா அடிங்க மச்சான். அப்புறம் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. தனியாப் போக வெட்கமா இருக்கு.”

இப்படிச் சொல்கிறவனை எங்கே அடிப்பது?

டாக்டரம்மா எல்லாப் பழியையும் ஆட்டத்தின் தலையில் கட்டவில்லை. வருஷக்கணக்காகத் தூக்கம் கெட்டதும், முதுகுக்குப் பின்னால் எதிரி நிற்கிறான் என்றே உடம்பைப் பழக்கியதும் சேர்ந்த வினை என்றார். பழகியதை மாற்றியும் பழகலாமாம். வாரம் ஒருநாள் மாப்பிள்ளை உள்ளே போவார். நான் வெளியே பெஞ்சில் பழைய பத்திரிகைகளைத் தின்று தீர்த்தேன்.

நடுவில் மாப்பிள்ளை சொந்த மூளையையும் ஓட்டினார். குடோன் முனைகளில் ஆள் வருவது தெரிய மாட்டுவார்களே, உருண்டைக் கண்ணாடி, அதில் ஒன்றை வாங்கிக் கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டார்.

ஆறு மாத வயிற்றோடு என்னுடன் பார்க்க வந்த தங்கை அண்ணாந்து பார்த்தாள்.

“இது வீடா, குடோனா? இனிமே நான் ஹாரன் அடிச்சிட்டுத்தான் உள்ள வரணுமா?”

அவர் சிரிக்கவில்லை. அவள் கழற்றச் சொன்னாள்.

“இது இருந்தா உங்களுக்குச் சரியாயிடுச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

கழற்றினார். சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தார். செருப்பில்லாமல் பின்னால் போனாள். நான் நடுவில் பாயத் தயாராக எழுந்து நின்றேன். தோளில் கை வைத்தாள்.

உடம்பு தூக்கிப் போட்டது. கைகள் மட்டும் முழங்காலை விட்டு எழவில்லை.

“இன்னும் திடுக்குனு ஆகுது” என்றார்.

“ஆயிட்டுப் போகட்டும்” என்றாள். கையை எடுக்காமலே என் பக்கம் திரும்பி, “அண்ணே, நீ கிளம்பு. நான் வரல.”

சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்ல இருவருக்கும் தோன்றவில்லை.