கூட்டாளிக்காகக் கேட்டேன்

பள்ளிக்கூட நாளிலிருந்து என் மனக்கோளாறுக்கு வைத்தியம் பார்த்த வெள்ளைக்கார டாக்டர் ஓய்வு பெற்றுக் கப்பலேறிவிட்டார். நம் ஜனங்களில் யாரையும் அவருக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எல்லாம் கொட்டியிருந்தேன். போகும்போது எங்கள் ஊர் பினாங்கு ஸ்திரீட்டில் இருக்கும் தமிழ் டாக்டருக்கு என்னைப் பற்றி ஒரு கடிதம் கொடுத்தார்.

கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு புது டாக்டர் எதிரே உட்கார்ந்தேன். அவர் முதலில் நோயைக் கேட்கவில்லை.

"தம்பி யாரு மவன்?"

அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். பைத்தியம் இருக்கிற வீடு என்று ஒரு பேச்சு கிளம்பினால் சம்பந்தம் போச்சு. காலேஜ் படித்த வாய், கூசாமல் புளுகியது.

"எனக்கில்ல டாக்டர், கூட்டாளிக்கு. திடீர்னு நெஞ்சு அடைக்குது, செத்துருவேன்னு பயப்படுறான்."

அவர் என் கையைப் பார்த்தார். அது பையிலிருந்த கடிதத்தை அழுத்திப் பிடித்திருந்தது.

"ஆளப் பாக்காம மருந்து தர முடியாதுலா. கூட்டிட்டு வாங்க. பேச்சு இந்த ரூமத் தாண்டாது."

"சொல்றேன்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

அக்கா கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டாரோடு அதே டாக்டர் உட்கார்ந்திருந்தார். நான் பாயசம் ஊற்றக் குனிந்தபோது மெல்லக் கேட்டார்.

"கூட்டாளி எப்படி இருக்காரு?"

"குணமாயிட்டான் டாக்டர்."

கரண்டி ஆடி, பாயசம் இலைக்கு வெளியே சிந்தியது. அவர் மாப்பிள்ளை வீட்டார் பக்கம் திரும்பி வேறு பேச்சை எடுத்தார். என்னைக் காட்டிக்கொடுக்காத மனிதரிடமும் பொய்தான் சொன்னேன். கடிதம் இன்னும் பிரிக்காமல் என் பெட்டியில் கிடக்கிறது.