ஜெனின் போடாத ஓட்டு

முடி திருத்தும் ஜெனின் கிளெக் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை. கத்தரி ஓய்ந்தாலும் பேச்சு ஓயாது. அப்படிப்பட்டவளைத்தான் பெற்றோர்கள் ஓட்டுப் போட்டுப் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு அனுப்பினார்கள். இங்கிலாந்தில் பர்ன்லிப் பக்கம் அந்தப் பதவிக்குக் கவர்னர் என்று பெயர். சம்பளம் கிடையாது, பிஸ்கட் உண்டு. "கவர்னரம்மா, இன்னைக்கு நம்ம வீட்ல உலை கொதிக்குமா?" என்று புருஷன் கிண்டலடித்தான்.

அவள் தேர்தலில் நின்றதே ஒரே காரியத்துக்காக. பள்ளிச் சமையலறையை மூடிவிட்டு வெளியிலிருந்து வேனில் சாப்பாடு வரவழைக்கலாம் என்று பேச்சு அடிபட்டது. அங்கே சமைப்பவள் அவளுடைய அக்கா லொரெய்ன். "நான் இருக்கேன்க்கா, எவனும் மூட முடியாது" என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் முதல் கூட்டத்துக்குப் போனாள்.

குழுவின் செயலாளர் மிஸஸ் டட்டன் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பள்ளியை நடத்துவது தலைமையாசிரியரின் வேலை. ஏன், எதற்கு என்று கேட்பது குழுவின் வேலை. "பெத்தவங்க உன்னை அனுப்பினாங்க, சரி. ஆனா அவங்க சொல்றதை ஒப்பிக்க நீ வரலைம்மா. பள்ளிக்கூடத்துக்கு எது நல்லதோ அதுக்குத்தான் உன் ஓட்டு." ஜெனின் தலையாட்டி வைத்தாள்.

தலைவர் ஓர்மராட் தொண்டையைக் கனைத்தார். "இன்னைக்கு எடுக்கிற முடிவுல யாருக்காவது சொந்த லாப நஷ்டம் இருக்கா?"

"சமையல்காரம்மா எங்க அக்கா. ஊருக்கே தெரியுமே சார்."

"அப்ப அந்தப் பேச்சு வரும்போது நீங்க வெளியே இருக்கணும்மா."

"அதுக்காகத்தானே சார் நான் வந்ததே."

"அதனாலதாம்மா."

சின்னப் பிள்ளைகளின் நாற்காலியில், முழங்கால் முகவாயில் இடிக்க, நடைவழியில் உட்கார்ந்தாள். உள்ளே யார் என்ன பேசினார்கள் என்று காதில் விழவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். கதவு திறந்தபோது, ஒரு ஓட்டு வித்தியாசத்தில் சமையலறையை மூடுவது என்று முடிவாகியிருந்தது.

நேரே அக்கா வீட்டுக்குப் போய் நின்றாள்.

"ஒரே ஒரு ஓட்டா? நீ எங்கடி போன?"

"வெளியில, சின்னப் பிள்ளைங்க நாற்காலியில உக்கார வெச்சுட்டாங்கக்கா. சொந்தக்காரங்க ஓட்டுப் போடக் கூடாதாம்."

"அக்கான்னு சொல்லாம இருந்திருக்கலாம்ல?"

"கேட்டாங்க. பொய் சொல்ல வாய் வரலை."

அந்த வாய்க்கு வராத ஒன்றும் உலகத்தில் உண்டு என்பது லொரெய்னுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எனக்காகக் கை தூக்கல நீ. ஆனா அந்தக் கூட்டத்துல, எனக்கு எதிரா நிச்சயமா தூக்கலைன்னு எனக்குத் தெரிஞ்ச ஒரே ஆளும் நீதான்" என்றவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காரு. இது பெரியவங்க நாற்காலி."