ஒத்தக் கையால ஆகுமா என்று கேட்டவர்

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் கிச்சன் செக்ஷன். மிக்ஸி, கிரைண்டர், இண்டக்ஷன் அடுப்பு; கடைசி சில வருஷம் காப்பி மிஷினும் சேர்ந்துகொண்டது. புதிதாக சேல்ஸ் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஒரு காப்பி மிஷின் விற்ற கதை. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதை இல்லை.

1. டெமோ

அன்று சனிக்கிழமை, கடையில் நல்ல கூட்டம். எஸ்பிரெசோ மிஷினை மேசையில் வைத்து டெமோ காட்டிக்கொண்டிருந்தேன். டெமோ என்றால் ஜரீனாதான் என்று மேனேஜர் எல்லோரிடமும் சொல்வார். எனக்கும் அந்தப் பெயர் பிடிக்கும். கைப்பிடி வைத்த கிண்ணத்தில் பொடியை நிரப்பி, அதை மிஷினில் மாட்டித் திருகி, பட்டனை அமுக்கினால் உறுமிக்கொண்டு நுரையோடு டிகாஷன் இறங்கும். சுற்றி நிற்பவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் அறுபது வயதை ஒட்டிய ஒருவர் நின்றார். செம்பட்டிப் பக்கம் பூ விவசாயம், பெயர் பெருமாள்சாமி என்பதெல்லாம் பில் போடும்போது தெரிந்தது. இடது கை தெரியாதபடி துண்டைப் போர்த்தியிருந்தார்.

"ஏம்மா, இது ஒத்தக் கையால ஆகுமா?"

நான் அவரைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"ஒத்தக் கை எதுக்குண்ணே, ஒத்த விரல் போதும். பட்டன அமுக்குங்க, காப்பி வந்துரும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "அப்பச் சரி, எனக்கு ஒண்ணு குடு" என்றார்.

வீட்டில் யார் காப்பி போடுவார்கள், என்ன பொடி வாங்குகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த ஆளுக்கு டெமோ காட்டப் போய்விட்டேன்.

2. பெட்டி திரும்பி வந்தது

புதன்கிழமை ஒரு ஆட்டோக்காரர் அந்தப் பெட்டியைத் தூக்கி வந்து கவுன்டரில் வைத்தார். பின்னால் பெருமாள்சாமி. வலது மணிக்கட்டில் மருந்து தடவியிருந்தது.

"கைப்பிடி நிக்க மாட்டேங்குது தாயி. நேத்து பாதியில கழண்டு, சுடுதண்ணி தெறிச்சிருச்சு."

மேனேஜரும் எழுந்து வந்தார். பிரித்துப் பார்த்தேன். இடது கையால் மிஷினை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் கைப்பிடியைத் திருகினேன். பூட்டிக்கொண்டது.

"பாருங்க, லாக் ஆகுதுல்ல? நீங்க மாட்டுறதுதான் சரியில்ல." பக்கத்துக் கவுன்டருக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தியே சொன்னேன்.

"எங்க, நீங்க ஒரு தடவ மாட்டிக் காட்டுங்க" என்றார் மேனேஜர்.

பெருமாள்சாமி வலது கையால் திருகினார். மிஷின் மேசையில் வழுக்கிக்கொண்டு போனது. நெஞ்சால் முட்டுக் கொடுத்துப் பார்த்தார். துண்டு நழுவியது. அப்போதுதான் அந்த இடது கையைப் பார்த்தேன். விரல்கள் மடங்கி, வயிற்றோடு ஒட்டி, அசையாமல் கிடந்தது.

"போன வருசம் பக்கவாதம் வந்துச்சு சார். அதான் அன்னைக்கே இந்தப் புள்ளகிட்டக் கேட்டேன், ஒத்தக் கையால ஆகுமான்னு."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "கேட்டாரா ஜரீனா?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வேலை பழக்கிய இரண்டு பெண்களும் அங்கேயே நின்றார்கள்.

"இல்ல சார். அப்படி எதுவும் கேக்கல."

பெருமாள்சாமி சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு செத்த நேரம் தரையைப் பார்த்தார்.

"கேக்கலையா? கேட்ட மாதிரிதான் இருந்துச்சு. இப்பல்லாம் எனக்கு நெனப்பு சரியா நிக்க மாட்டேங்குது போல. அந்தப் புள்ளய ஒண்ணும் சொல்லாதீங்க சார்."

பயன்படுத்திய மிஷினைத் திருப்பி எடுப்பதில்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பெருமாள்சாமி பெட்டியோடு ஆட்டோவில் ஏறிப் போனார். அன்று மத்தியானம் நான் இரண்டு மிக்ஸி விற்றேன். வழக்கம்போலச் சிரித்துப் பேசித்தான் விற்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

3. செம்பட்டியில்

வீட்டில் என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை, பில்லில் இருந்த முகவரியைக் குறித்துக்கொண்டு, என் காசில் வாங்கிய ஒரு டிரிப் மிஷினோடு செம்பட்டி பஸ் ஏறினேன். டிரிப் மிஷினில் திருகுகிற வேலை இல்லை. தண்ணீரை ஊற்றி, வலையில் பொடியைப் போட்டு, சுவிட்சைத் தட்டினால் டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும். சத்தமும் நுரையும் இல்லாததால் டெமோவுக்குக் கூட்டம் சேராது. அதனாலேயே அதைக் கீழ்த்தட்டில் தள்ளி வைத்திருந்தோம்.

அவர் மனைவி பேச்சியம்மாள் வாசலில் பூக்கூடையை உதறிக்கொண்டிருந்தார். கடையிலிருந்து வருகிறேன் என்றதும் அவர் முகம் இறுகியது. அங்கேயே நின்று சொன்னேன்.

"அக்கா, அண்ணன் அன்னைக்குக் கேட்டாரு. நான்தான் கேக்கலைன்னு பொய் சொல்லிட்டேன்."

"மிஷினு கெடக்கட்டும்" என்றார் பேச்சியம்மாள். "நாலு நாளா அந்த மனுசன் என்ன பாடு படுறாருன்னு தெரியுமா? மாத்திரை போட்டேனா, மோட்டார அமத்துனேனான்னு ஒண்ணொண்ணையும் எங்கிட்ட ரெண்டு தரம் கேக்குறாரு. மூளையும் போச்சு பேச்சின்னு நேத்து அழுகுறாரு. அம்புட்டும் நீ சொன்ன ஒத்தப் பொய்யாலயா?"

பெருமாள்சாமி நிலைப்படியில் வந்து நின்றிருந்தார்.

"அப்ப நான் கேட்டேனா?"

"கேட்டீங்கண்ணே. ஒத்தக் கையால ஆகுமான்னு கேட்டீங்க. நான் ஒத்த விரல் போதும்னேன். எல்லாரும் சிரிச்சாங்க."

"ஆமா, சிரிச்சாங்க." மனைவியைப் பார்த்தார். "கேட்டிருக்கேன் பேச்சி. நான் கேட்டிருக்கேன்."

என்னைத் திட்டவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. கட்டிலில் உட்கார்ந்து மூச்சை விட்டார்.

பேச்சியம்மாள் மிஷினை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். பெருமாள்சாமிதான், "இருக்கட்டும், பாப்போம்" என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன். கட்டை விரலால் மூடியைத் திறந்தார். தம்ளர் தம்ளராகத் தண்ணீர் ஊற்றினார். மிஷின் லேசாக நகர்ந்தது. பேச்சியம்மாள் அடியில் ஈரத்துணியை வைத்தார். டிகாஷன் இறங்கியதும் பிளாஸ்கிலிருந்து பாலை ஊற்றி முதல் தம்ளரை மனைவியிடம் நீட்டினார்.

"காலக் காப்பி எப்பவும் நான்தான் போடுவேன். இவ பூ எடுத்துட்டு வரையில தயாரா இருக்கும். நான் போட்டு ஒரு வருசமாச்சு" என்றார் என்னிடம்.

அடுத்த தம்ளர் எனக்கு. பேச்சியம்மாள் சொன்னார்: "குடிச்சிட்டுக் கெளம்பு. இன்னொருத்தருக்கு இப்படிச் செஞ்சுறாத."

4. திங்கட்கிழமை

மேனேஜரிடம் சொன்னேன். அந்த இரண்டு பெண்களையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டே சொன்னேன்.

"அத ஏன் இப்பச் சொல்ற? கஸ்டமரே விட்டுட்டாருல்ல?"

"அவரு விடல சார். தன் மேல போட்டுக்கிட்டாரு."

மேனேஜர் எஸ்பிரெசோ மிஷினைத் திருப்பி எடுத்து வர வண்டி அனுப்பினார். டெமோ மேசையிலிருந்து என்னை மாற்றினார். அது நியாயம்தான்.

காப்பி மிஷின் கேட்டு வருகிறவரிடம் முதலில் கேளுங்கள்: யார் போடப் போகிறார்கள், என்ன பொடி, எத்தனை பேருக்கு. சிக்கரி கலந்த பொடியும் நிதானமும் உள்ள வீட்டுக்கு டிரிப் போதும். சில வீட்டுக்குப் பழைய ஃபில்டரே போதும் என்று சொல்லி அனுப்பவும் தெரிய வேண்டும். இதெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும்.

தப்பான மிஷினை மாற்றிக் கொடுத்துவிடலாம். ஒரு மனிதர் தன் புத்தியையே நம்பாமல் கழித்த நாலு நாளை மாற்றிக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை.